ரெண்டு பருப்பு

காங்கயத்தில் பருப்பு என்றால்
எந்தப் பருப்பு என்று கேட்கவேண்டும்.
களத்தில் காய்வது தேங்காய்ப் பருப்பு.
என் கடைச் சாக்கில் இருப்பது துவரை.
மயிலாத்தாள் பகலெல்லாம் முன்னதைத்
தொட்டியிலிருந்து நோண்டி எடுத்துவிட்டு
ஆறரை மணிக்குப்
பின்னதை வாங்க வருவாள்,
நகக்கண்ணில் எண்ணெய் மினுங்க.

போன தை வரைக்கும்
"அரைக்கிலோ போடுங்கக்கா" என்பாள்.
சித்திரையில் கால் கிலோ.
இப்போது எடையே சொல்வதில்லை.
"முப்பது ரூவாய்க்குப் போடுங்கக்கா."

அவள் மட்டுமா,
வீதியே இப்படித்தான் பேசுகிறது.
பத்துக்குச் சீரகம், அஞ்சுக்கு மிளகு,
இருபதுக்குப் புளி.
என் தராசில் சிவப்பு எண்கள் ரெண்டு வரிசை,
இடது பக்கம் கிராம், வலது பக்கம் ரூபாய்.
இடது பக்கத்தைப் பார்க்கிறவர்கள்
குறைந்துபோனார்கள்.

மில்லில் மூட்டை தூக்கும் பிகாஷ்
விரலை இத்தினியூண்டாகக் காட்டி
"அக்கா, பாமாயில், சின்ன பாக்கெட்" என்கிறான்.
கடுகெண்ணெய் கேட்டு நாளாயிற்று.
கணக்கு வாத்தியார் வீட்டம்மா
ஒறம்பரை வந்தால் மட்டும்
அம்பது கிராம் முந்திரி கேட்கிறார்,
கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

தேங்காயெண்ணெய்தான் வேடிக்கை.
ஊரைச் சுற்றி மில்லு.
விடிய விடியக் காற்றில் அந்த வாசம்,
கொடியில் கிடக்கும் துணியில்கூட.
அது மட்டும் இன்னும் ஓசி.
மயிலாத்தாளின் சின்னவள்
பத்து ரூபாய் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து
பாதியைத் தலைக்கு வைத்துக்கொள்கிறாள்.
மீதியைத் துணி கிளிப் போட்டு
நாளைக்கு.
அவள் அம்மா நோண்டிய பருப்பாகவும் இருக்கலாம்.
எங்கெங்கோ போய்
விலை கற்றுக்கொண்டு திரும்பியிருக்கிறது.

அரிசியும் பருப்பும் சோறு இங்கே
நினைத்தவுடன் ஆக்குவது.
நேரமில்லை, காயில்லை,
மனசு சரியில்லை, எதற்கும் அதுதான்.
மூணு பங்குக்கு ஒரு பங்கு.
ரேஷன் பருப்பு பாதி மாசம் ஓடும்.
மீதிப் பாதியில்
ஏழுக்கு ஒன்று என்று மயிலாத்தாளே சொன்னாள்.
"பேரை மாத்தலீங்கக்கா.
மஞ்சத்தூளு கொஞ்சம் கூடப் போட்டா
பருப்புக் கெடக்கற மாதிரியே இருக்குதுங்க."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நானும்.

நேற்று தராசில் கொட்டும்போது கேட்டாள்.
குரல் ஏறவில்லை.
"இது பழைய வெலைக்கு வந்த மூட்டை தானுங்க்கா?
ஆயுத பூசைக்கு முந்தின நாளு
எங்கூட்டுக்காரருதான் டெம்போல இருந்து எறக்குனாரு."

வாஸ்தவம்.
உள்ளே இன்னும் ஒன்றரை மூட்டை அதே பருப்பு.
அடுத்த மூட்டையை நான்
புது விலைக்குத்தானே எடுக்கவேண்டும்.
ஈரோட்டு மண்டிக்காரர்
எனக்குப் பழைய விலை போடுவாரா.
கடை வாடகை, கரண்ட், ஃபிரிட்ஜ் தவணை.
இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.
நியாயம்கூட.

"அது தீந்துபோச்சு மயிலு. இது வேற."

அவள் சாக்கைப் பார்த்தாள்.
அவர் தோளில் ஏறி வந்த
அதே நீல எழுத்து.
"சரிங்கக்கா" என்றாள்.
வலது பக்கம் முப்பது வந்ததும் என் கை நின்றது.
ஒன்றரை ரூபாய்க்குக் கூடுதலாக விழுந்ததை
கிள்ளி எடுத்துச் சாக்கில் போட்டேன்.
பழக்கம்.

ராத்திரி எங்கள் வீட்டிலும் அதுதான்,
அரிசியும் பருப்பும்.
ரெண்டாம் வாய்க்கு வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.
"என்ன, இன்னைக்குப் பருப்பு தூக்கலா இருக்குது?"
கை தவறிடுச்சு என்றேன்.

களத்துப் பக்கம்
தார்ப்பாயை இழுத்து மூடுகிற சத்தம்.
மழைக்குப் பயந்து
அவர்கள் பருப்பை மூடுகிறார்கள்.
யாரோ ஒருத்தி
இன்னும் கொஞ்சம் இழு, இன்னும் கொஞ்சம்
என்று கத்துவது கேட்டது.
மயிலாத்தாளா என்று
எழுந்து போய்ப் பார்க்கவில்லை.